பினாங்கைக் காட்டிய முள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து பினாங்கு இருக்கும் திசை கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. அந்தத் திசையை நான் நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் தப்பே இல்லை. என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அறுபதுகளில் நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்தேன். வீட்டில் லைசென்ஸோடு ஒரு அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருந்தேன். ஓட்டுக்கு மேலே உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினியக் குழாய்களைக் குறுக்கே கட்டிய ஏரியல். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து ஊர் கணீரென்று கேட்கும். விலாப்பக்கத்து ஊர் இருக்கிறதா செத்ததா என்றே தெரியாது. திசை மாற்ற வேண்டுமானால் மழையோ வெயிலோ, வெளியே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். இதற்கென்றே வெளிநாட்டில் மோட்டார் விற்றார்கள். அதெல்லாம் நம் கைக்கு எட்டுகிற சமாசாரமில்லை.

சிதம்பரத்தில் பழைய லாரிகளை உடைக்கிற கொட்டகையில் ஒரு வைப்பர் மோட்டார் கிடைத்தது. சைக்கிள் செயினும் பல்சக்கரமும் வீட்டிலேயே கிடந்தன. மோட்டார் செயினை இழுக்கும், செயின் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் குழாயைத் திருப்பும். சக்கரத்தைக் குழாயோடு சேர்க்கக் கெட்டியாக ஒரு காட்டர் பின் அடித்திருக்க வேண்டும். நான் கையில் கிடைத்த ஆணியை அடித்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. சக்கரத்தில் ஒரு வால்யூம் கண்ட்ரோலை மாட்டிக் கம்பி இழுத்து, சக்கரம் சுற்றுகிற அளவுக்கு மேஜை மேல் ஒரு மீட்டரில் முள் அசையும்படி செய்தேன். மீட்டரில் பென்சிலால் கொழும்பு, மெட்ராஸ், பினாங்கு என்று எழுதினேன்.

அப்போது எனக்கு இருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இனிமேல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று பீற்றிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பு நண்பர்களோடு பேசிவிட்டு ஏரியலை அந்தத் திசையிலேயே விட்டேன். அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

அந்த வாரம்தான் பினாங்கிலிருந்து சேதி வந்தது. அங்கே என் அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, அவளுடைய வீட்டுக்காரர், என் மச்சான், ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தார். ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பார்த்துவந்த தமிழ் டாக்டரும் என்னைப் போல ரேடியோக்காரர். வாரம் ஒருமுறை எங்களுக்குள் பேச்சு உண்டு. அவர் தந்தி அடித்திருந்தார். நாளை முதல் மூன்று நாள் சாயங்காலம் மச்சானைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து மைக் முன்னால் உட்கார வைக்கிறாராம், நம் நேரத்துக்கு ஐந்து மணிக்கு. அதற்கு மேல் தாங்காது என்பதையும் மறைக்கவில்லை. அடுத்தவர் சேதியைக் கடத்தக் கூடாது என்பது லைசென்ஸ் சட்டம். லைசென்ஸ் போனால் போகட்டும் என்றேன்.

லாத்தா சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து சேர்ந்தாள். ரேடியோ அறையின் இரைச்சல் தனக்கு ஒத்துக்கொள்ளாது, மச்சான் குரல் வந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, முற்றத்தின் ஓரமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்விட்சைப் போட்டேன். மேலே மோட்டார் உறுமியது. முள் மெல்ல நகர்ந்து பினாங்கில் நின்றது. கூப்பிட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சல்தான். நடுநடுவே கொழும்புக்காரர்கள் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவது போல வந்து விழுந்தார்கள். அதைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்றைக்கு அவர்களுக்கு யோகம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்து, அந்த டாக்டர் வாய்ச்சொல் வீரன், நம்மை ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தந்தி வந்தது. மச்சான் மௌத்தாகிவிட்டார். லாத்தாவைச் சிதம்பரத்தில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே அவள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள், அறையை விட்டு அதிகம் வெளியே வராமல்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டாக்டரின் கடிதம் வந்தது. மூன்று நாளும் மச்சானை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தாராம். என் குரல் இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ கேட்டதாம். மச்சான் கேட்டவுடன் அடையாளம் கண்டு தலையை ஆட்டினாராம். மூச்சு வாங்க வாங்க லாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். நீங்கள் ஏன் பதிலே சொல்லவில்லை என்று கேட்டிருந்தார்.

கடிதத்தோடு தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஏரியல் தெற்கே, கொழும்பைப் பார்த்து நின்றது. ஏணி வைத்து ஏறினேன். உப்புக் காற்றில், குழாய் சுழல்கிற பேரிங் துருவேறி இறுகிப்போயிருந்தது. மோட்டார் முறுக்கியதில் ஆணி அறுந்துவிட்டது. சக்கரம் மட்டும் சுற்றியிருக்கிறது, அதோடு முள்ளும் சுற்றியிருக்கிறது. குழாய் அசையவே இல்லை. மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சிதம்பரம் போய் லாத்தாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. படிக்கும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆணி அறுந்ததையும் சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மேல இருக்கிற அந்தக் கம்பி திரும்பணுமா தம்பி?"

"ஆமா லாத்தா."

"மூணு நாளும் நான் முத்தத்துல ஒக்காந்து அதையேதான பாத்துகிட்டு இருந்தேன். அது அசையவே இல்லையே. ஒனக்குத் தெரியாததான்னுட்டு நான் ஒண்ணும் கேக்கல."