எட்டு மணிச் சங்கு

ஏழு ஐம்பத்தெட்டுக்குத் தேசப்பன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அதற்குள் மீசையை முறுக்கியாகிவிட்டது. கம்பெனி கேட்டை ஒட்டிய அறைச் சுவரில் தொங்கும் கையகலக் கண்ணாடியில் பார்த்து வகிடும் எடுத்தாகிவிட்டது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, சரியாக எட்டு மணிக்குச் சங்கு ஊதுவார். ஊதுவார் என்பது அவர் சொல்வது. உண்மையில் அது கூரைமேல் இருக்கும் மின்சாரச் சங்கு. கீழே ஒரு சிவப்பு சுவிட்சு. அதை யார் அமுக்கினாலும் அதே சத்தம்தான் வரும். தொண்டைக்கு அதில் வேலையே இல்லை.

காக்களூர்ப் பக்கம் போல்ட்டும் நட்டும் செய்கிற அந்தக் கம்பெனி அறுபத்தெட்டில் தொடங்கிய நாளிலிருந்து, எட்டு வருடமாக, கேட்டில் நிற்பவர் அவர். "நான் கைய வச்சாதான் திருவள்ளூருல ஒல கொதிக்கும், தெரிஞ்சிக்க" என்பார், பெல்பாட்டம் போட்ட லேத்து ஆட்களிடம். அவர்கள் சிரித்தால் பொறாமை என்று எடுத்துக்கொள்வார். சிரிக்காவிட்டால் மரியாதை. எப்படிப் பார்த்தாலும் அவருக்கு லாபம்தான்.

ஒருமுறை கோயிலில் பாஷ்யம் பட்டாச்சாரியார் அவரைப் பார்த்து, "தெனம் கார்த்தால அலர்றதே, அது உங்க கம்பெனியாப்பா? சந்நிதி வரைக்கும் வந்து காதை அடைக்கறது" என்று தலையில் அடித்துக்கொண்டார். தேசப்பன் அன்று தெரு முழுக்கச் சொன்னது வேறு. "ஐயரே தன் வாயால சொல்லிட்டாரு. நம்ம சவுண்டு சாமி வரிக்கும் போவுதாம்."

இந்தப் பெருமையெல்லாம் மனைவி செண்பகத்திடம் செல்லாது. "ஒரு சுவிச்ச அமுக்கறதுக்கு இம்மா அலட்டலா? உன் சங்கு கேட்டுக்கினுதான் என் அடுப்பு எரியுதா?" என்பாள். ஆடிக்கு ஆடி அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, இந்த மனுஷனின் தலைக்கனத்தை மட்டும் குறைத்துவிடு தாயே என்று வேண்டிக்கொள்ளவும் தவறமாட்டாள்.

போன மாசியில் தேசப்பனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கம்பெனியில் பெருக்குகிற அப்பாவுவை சுவிட்சுக்கு வைத்தார்கள். முதல் நாள் காலை, ஐந்து வருடம் முடிந்ததற்குக் கம்பெனி கொடுத்த டைம்பீஸைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஊர் தடுமாறப்போவதைக் கேட்கக் காத்திருந்தார் தேசப்பன். முள் எட்டுக்கு வந்தது. சங்கு ஊதியது. ஒரு நொடி முன்பின் இல்லை.

விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அஞ்சம்மாளிடம், "இன்னிக்கு சங்கு எப்டி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னா கேடு? எப்பவும் போலத்தான் கத்திச்சி."

காமாலையைவிட அந்தப் பதில்தான் அவரைச் சாய்த்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மூன்று நாள் சீப்பைத் தொடவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தால், "அத்த குட்ச்சி யாருக்கு இன்னா ஆவப்போவுது?" என்று சொம்பைத் தள்ளினார். "நான் இல்லேன்னா ஒண்ணுமே நிக்கல செண்பகம். நீ சொன்னதுதான் கரெட்டு. வெறும் சுவிச்சு."

எட்டு வருடமாகத் தான் சொல்லிவந்ததை அவர் வாயால் கேட்ட செண்பகம், அவர் தள்ளிய சொம்பை எடுத்து மூடிவைத்தாள். அம்மன் போயும் போயும் இந்த வேண்டுதலையா காதில் வாங்குவாள்? மருந்து உள்ளே போகாத காமாலை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அண்ணனை அதற்குத்தான் பறிகொடுத்திருந்தாள். அன்று சாயங்காலம் தேசப்பன் அசந்து தூங்கும்போது, டைம்பீஸை எடுத்து முந்தானையால் துடைத்து, திரும்பத் தலைமாட்டில் வைத்தாள்.

நான்காம் நாள் காலை முள் எட்டைத் தொட்டது. சங்கைக் காணோம். தேசப்பன் மெல்லக் கழுத்தைத் திருப்பினார். எட்டு இரண்டு. எட்டு ஐந்து. எட்டு ஏழுக்குத்தான் சங்கு அலறியது. அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏழு நிமிசம் லேட்டு! செண்பகம், ஏழு நிமிசம்! ஊரே பேஜாராயிருக்கும்!"

"ஆமாய்யா, ஜனம் தவிச்சிக்கினு கெடக்குது. நீ சீக்கிரம் ஏந்திரி" என்றாள் செண்பகம், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு. கீழாநெல்லிச் சொம்பு ஒரே மூச்சில் காலியானது.

மறுநாளும் அதே ஏழு நிமிடம். அதற்கு மறுநாளும். "தப்பக்கூட புச்சா பண்ணத் தெரியல அவனுக்கு" என்று அந்த அப்பாவு மேல் இரக்கப்பட்டு, இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்றார் தேசப்பன்.

இருபதாம் நாள் கண் வெளுத்தது. சீப்பு சட்டைப் பைக்குத் திரும்பியது. வாசலில் நின்று ஒருமுறை கனைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கிதான் இந்த ஊரு ஒரு நெலைக்கு வரும்" என்று சைக்கிளில் ஏறிப் போனார்.

செண்பகம் உலை வைத்துவிட்டு டைம்பீஸோடு வாசலுக்கு வந்து நின்றாள். அது எட்டு ஏழு காட்டும்போது காக்களூர்ப் பக்கமிருந்து சங்கு எழுந்தது. அது ஓயும்வரை கேட்டிருந்தவள், டைம்பீஸைத் திருப்பி, அன்றைக்குத் தானே முன்னால் தள்ளிவைத்த ஏழு நிமிடத்தைப் பின்னுக்குத் திருகி, முள்ளைச் சரியாக எட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள்.