வாசலில் வாள் பிடிக்கக் கூப்பிட்டார்கள்

என் எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். எங்கேயாவது பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். போன மாதம் எங்கள் சபைக் கூட்டத்தில், கிறிஸ்தவன் ரகசியச் சங்கத்தில் சேரலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

செஞ்சியில் ஒரு டாக்டர் ஐயாவிடம் வேலை பார்த்தேன். மருந்து பாட்டில் கழுவுவது, நோயாளிகளைக் கூப்பிடுவது, மேல்மலையனூர் அமாவாசை முடிந்து காய்ச்சலோடு வருகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது எல்லாம் என் வேலை. ஐயாவும் எங்கள் சபைதான். முதல் பெஞ்சில் உட்காருவார். எங்கள் சபைக் கோயிலுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தது அவர்தான்.

விழுப்புரம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் அப்படிப்பட்ட ஒரு சங்கத்தார் கூடுகிற பழைய பங்களா இருந்தது. மாதத்தில் ஒரு சாயங்காலம் ஐயாவும், அரிசி மில் முதலாளியும், சில அதிகாரிகளும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அங்கே போவார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவார்கள். வெளியே ஒரு வயசாளி உருவின வாளோடு காவல் நிற்பார். ஊரில் அதற்குத் தலைவெட்டிக் கோயில் என்று பேர். மாடு ஓட்டிப் போகிறவர்கள்கூட அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மாட்டைத் தட்டி விடுவார்கள்.

அறுபத்திரண்டில் அந்தக் காவல்காரர் செத்துப்போனார். ஒருநாள் ஐயா கைகழுவிக்கொண்டே சொன்னார்:

“அந்த வாசலுக்கு உன்னைச் சொல்லியிருக்கேன்பா.”

“என்னையாங்க? எனக்கு வாள் புடிக்கக்கூட தெரியாதுங்களே.”

“வாள் சும்மா அடையாளத்துக்குத்தான். எங்களுக்கு வாயைத் திறக்காத ஆள் வேணும். இந்த ஊர்ல உன்னைவிட்டா வேற யாரு இருக்கா?” என்று சிரித்தார். பிறகு, “ஒண்ணு மட்டும் இருக்கு. காவல் நிக்கறவனும் உள்ளே வந்து சத்தியம் பண்ணியாகணும்” என்றார்.

தயங்கித் தயங்கி, “அங்க நம்ம வேதத்துக்கு விரோதமா எதனா உண்டுங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“வேதாகமம் மேசைமேல திறந்தே இருக்கும். ஜெபம் பண்ணுவோம். விதவைகளுக்கு உதவி செய்வோம். எல்லா மதத்துக்காரங்களும் இருக்கறதால இயேசு ஆண்டவர் பேரை மட்டும் சொல்ல மாட்டோம். கடவுள்னு பொதுவா சொல்லுவோம். அவ்வளவுதான்.”

அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். “இன்னாய்யா நீ, பல்லி வுழுந்தாலே எகிறி ஓடுற ஆளு. உன்னைப் போயி வாள் புடிக்க வெக்கறாங்களா? முதல்ல உன் தலையத்தான் வெட்டுவாங்களாம்!” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “வேலைய வுட்டு நிறுத்திட்டா இன்னா பண்றது?” என்று அவளே கேட்டாள்.

எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், போனேன். அவர் மெதுவாகப் பேசினார். “எதுக்கு ஆணையிடறோம்னு தெரியாமலே ஆணையிடச் சொல்றாங்க பாரு, அதுதான் தப்பு. ஆண்டவரே ஆணையிட வேண்டாம்னு சொல்லியிருக்கார். நீ அங்க சத்தியம் பண்ணிட்டு வந்தா, திருவிருந்துல நான் உனக்குத் திராட்சரசக் கிண்ணம் கொடுக்க மாட்டேன்.”

“டாக்டர் ஐயாவுக்குக் கொடுக்கறீங்களே, ஐயரே?”

என் வாயிலிருந்து இது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் தலையை நிமிர்த்திக் கோயிலின் புது ஓடுகளைப் பார்த்தார். “அவரைப் பத்தி நீ கேக்காதே” என்றார். டாக்டர் ஐயா என்றால் அவருக்கும் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நானும் பயந்து போதகரும் பயந்தால் நான் யாரைப் பிடித்துக்கொள்வது? சத்தியம் செய்தால் கிண்ணம் இல்லை. செய்யாவிட்டால் வேலை இல்லை. கிண்ணம் இல்லாமல் செத்தால் எங்கே போவேன் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அந்தச் சாயங்காலம் போனேன். மாட்டேன் என்று ஐயா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முன்னறையில் மில் முதலாளி என்னைத் தயார் செய்தார். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார். சட்டைப்பையில் இருந்த சில்லறையையும் வீட்டுச் சாவியையும் எடுத்து வைத்தேன்.

“இடுப்புல இன்னாப்பா மின்னுது?”

“அரைஞாணுங்க. வெள்ளி. கல்யாணத்துல மாமனார் போட்டது.”

“அதையும் கழட்டு.”

“ஐயா, செத்தப்புறம்தாங்க அதைக் கழட்டுவாங்க.”

“அப்போ செத்துட்டேன்னு வெச்சிக்கோ!” என்று தொப்பை குலுங்கச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. எங்களில் ஆண்பிள்ளைக்கு அரைஞாண் இல்லாத இடுப்பு என்றால் பாடையில் கிடக்கிற இடுப்புதான். கொக்கி எனக்குக் கழலவில்லை. அவரே கழற்றினார். அப்புறம் கண்ணைத் துணியால் கட்டினார். கழுத்தில் ஒரு கயிற்றைச் சுருக்குப் போல மாட்டினார். வேட்டியை ஒரு முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். என்னைக் குளிப்பாட்டிக் கிடத்தப் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

யாரோ என் தோளைப் பிடித்து உள்ளே நடத்தினார்கள். கால்களுக்குக் கீழே கம்பளம். மெழுகுவத்தி வாசனை எங்கள் கோயில் வாசனை போலவே இருந்தது. நெஞ்சில் ஏதோ கூராக, குளிர்ச்சியாகப் பட்டது. எதிரே தூரத்திலிருந்து ஒரு கனத்த குரல் இங்கிலீஷில் கேட்டது. காதருகே டாக்டர் ஐயா தமிழில் சொன்னார்: “ஆபத்து நேரத்துல யாரை நம்புவேன்னு கேக்கறாங்க.”

“இயேசு சாமியைங்க” என்றேன்.

ஐயா என் தோளை அழுத்தினார். “கடவுளைன்னு சொல்லு. அது போதும்.”

அந்தச் சொல்லில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கழுத்தில் கயிறு, நெஞ்சில் முனை, இடுப்பு வெறுமை. மறுபடியும் அந்தப் பேர்தான் வந்தது. கொஞ்சம் கத்தியே விட்டேன். அதை விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். குழந்தை கீழே விழுந்தால் அம்மா என்று கத்துவது போலத்தான் அது. மூன்றாம் தடவை கேட்டபோது அழுதேன்.

என்னை வெளியே கொண்டுவந்து கண்ணை அவிழ்த்தார்கள். மில் முதலாளி இந்த முறை சிரிக்கவில்லை. அரைஞாணைத் தானே என் இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டு, “போப்பா, பத்திரமா வூட்டுக்குப் போ” என்றார்.

மறுநாள் காலை, ஐயா என்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தே வேலைக்குப் போனேன். பாட்டில் கழுவுகிற தொட்டிக்கு ஐயா வந்தார். கழுவி வைத்த பாட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“நானும் உள்ளுக்குள்ள அந்தப் பேரைத்தான் சொல்லிக்குவேன்பா” என்றார். “எப்பவும்.”

“சரிங்கய்யா” என்றேன். அவர் நகரவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றார். படித்தவர், பெரியவர், என்னிடம் போய் அப்படி நின்றது பங்களாவைவிடப் பயமாக இருந்தது. பிறகு போய் முதல் நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். வேலை போகவில்லை. வாசலுக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அதன்பிறகு நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

அடுத்த திருவிருந்தில் டாக்டர் ஐயாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ஐயர் எனக்குக் கிண்ணம் கொடுத்தார். அவருக்கும் கொடுத்தார். எனக்குக் கொடுத்தபோது இல்லாத பயம், டாக்டர் ஐயா உதட்டில் கிண்ணம் பட்டபோது எனக்கு வந்தது. உள்ளுக்குள் சொல்வது போதுமா? சபையில் வாக்குவாதம் செய்தவர்கள் மனசில் விசுவாசம் இருந்தால் போதும் என்றும் போதாது என்றும் சத்தம் போட்டார்கள். என்னால் இரண்டையும் சொல்ல முடியவில்லை. சேராதீர்கள் என்று மட்டும் சொல்லுவேன். டாக்டர் ஐயா நல்லவர். இன்றைக்கும் அவருக்காக ஜெபிக்கும்போது, அந்தக் கண்கட்டும் காதருகே அவர் குரலும் திரும்ப வருமென்று, கண்ணை மூட எனக்குப் பயமாக இருக்கிறது.

செஞ்சி,
4-8-1968, ஞாயிற்றுக்கிழமை.