வேற்றுக்கிரகத்துப் பெண்ணின் பெருமூச்சு

அந்தப் படத்தில் அவள் முகம் கிடையாது. வானத்திலிருந்து தகரத் தட்டில் இறங்கி வரும் வெள்ளித்தாள் உடுப்புக்காரி வேறொரு நடிகை. இவளுடையது குரல் மட்டும்தான். அதையும் குரல் என்று சொல்லிவிட முடியாது. வேற்றுக்கிரகத்துப் பெண்ணுக்கு மனிதர் பாஷை தெரியாதாம். படம் முழுக்க வாயே திறக்காதவள், விஞ்ஞானி தன் தோளைத் தொடும்போது ஒரே ஒரு பெருமூச்சு விடுவாள். உடனே விளக்கு அணைந்துவிடும். அந்த மூச்சுதான் நம் சின்னவளுடையது.

தாயில்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரிச் சோறூட்டி வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகிப் போகும்போது தங்கையையும் கையோடு கூட்டிப் போனவள். டப்பிங் வேலை கிடைத்தபோது தங்கையைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. படம் வருவதற்கு முன்பே மாடிப்படியிலும் தையற்கடையிலும் பார்த்தவர்களிடமெல்லாம், "அந்தப் பொண்ணுக்கு எங்க சின்னவதான் குரல் குடுத்திருக்கா, அவசியம் பாருங்க" என்று தண்டோரா போட்டாள்.

போய்ப் பார்த்தார்கள்.

அப்போதெல்லாம் திரையில் இரண்டு முகங்கள் நெருங்கினாலே நடுவில் ஒரு பூ வந்து நிற்கும். இந்தப் படத்துக்கோ 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற முத்திரை. கழுத்திலிருந்து கால்வரை தாளால் மூடிய ஒருத்தியிடம் பார்ப்பதற்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, கூட்டத்தின் ஆசையெல்லாம் அந்த மூச்சின்மேல் போய் விழுந்தது. விசில் பறந்தது. அந்த ஒரு இடத்துக்காகவே மறுபடி டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. சின்னவள் தெருவில் நடந்தால் முனையில் நின்றவர்கள் நீளமாக மூச்சு விட்டுக் காட்டினார்கள். 'மூச்சு' என்றே அவளுக்குப் பெயர் வைத்தார்கள்.

அக்காவின் மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டியே, இதைத்தானா?"

அன்று மாலை சின்னவளின் பெட்டி வாசலில் கிடந்தது.

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"நீ வாயைத் திறக்காதே! உன் மூச்சுக்கே ஊர் சிரிக்குது. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

சொன்னவளும் அழுதாள், கேட்டவளும் அழுதாள்.

அதன்பிறகு சின்னவள் ஒலிப்பதிவுக் கூடத்துப் பக்கமே போகவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொன்னாள். நடுவில் மூச்சு வாங்க வேண்டுமென்றால் மைக்கை அணைத்துவிட்டுத்தான் வாங்கினாள். வந்த வரன்கள், "அந்த மூச்சா?" என்று விசாரித்ததோடு சரி. தனியாகவே இருந்துவிட்டாள். அவள் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான். அக்கா ஒரே ஒரு தடவை 'சின்னவளே' என்று கூப்பிட மாட்டாளா?

அக்காவின் மகள் வளர்ந்து, பழைய படங்களைச் சுத்தம் செய்து திரும்பத் திரையிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் சித்தியை வந்து பார்ப்பவள் அவள்.

"சித்தி, உங்க படம் வருது! ஞாயித்துக்கிழமை காலைல, குழந்தைங்களுக்காகப் போடறோம்."

"குழந்தைங்களுக்கா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"இப்ப எல்லாரும் பாக்கலாம்னு தணிக்கையிலயே சொல்லிட்டாங்க. பறக்கும் தட்டு கயித்துல தொங்கறது நல்லாவே தெரியுது சித்தி! அம்மாவையும் கூட்டிட்டு வரேன்."

"உங்கம்மா என்னைக் கொன்னே போட்டுடுவா."

"அம்மா அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல, தெரியுமா?"

சின்னவளுக்குத் தெரியாது. எந்த மூச்சுக்காகத் தன்னை வெளியே தள்ளினாளோ, அந்த மூச்சை அக்கா கேட்டதே இல்லை!

அரங்கில் பாதிக்குமேல் குழந்தைகள். மகளை நடுவில் வைத்து இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தட்டு ஆடி ஆடி இறங்கியது, சிரித்தார்கள். வெள்ளித்தாள் கிழிந்தது, சிரித்தார்கள். விஞ்ஞானி தோளைத் தொட்டார். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூச்சு வந்தது.

"அம்மா, அந்த ஆன்ட்டிக்குச் சளியா?" என்று ஒரு குழந்தை உரக்கக் கேட்டது. அரங்கமே கொல்லென்று சிரித்தது. குழந்தையின் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். யாரும் யார் கண்ணையும் பொத்தவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மகளைத் தாண்டிக் குனிந்து கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"அப்படி என்னடி பண்ணே அன்னிக்கு?"

"எனக்கு அந்த மாதிரி மூச்சு வரவே இல்லக்கா. கூச்சமா இருந்துது. சரி, டீ குடிம்மான்னாங்க. மைக் முன்னாடி நின்னே குடிச்சேன், நாக்கு சுட்டு ஒரு மூச்சு விட்டேன். அதையே வெச்சுக்கிட்டாங்க."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"வாயைத் திறக்காதேன்னியேக்கா."

சின்னவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிய பாவம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தவரை, போன வாழ்க்கைக்கு ஒரு காரணமாவது இருந்தது. குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கிற ஒன்றுக்காகவா எல்லாம் போயிற்று? எழுந்து வெளியே நடந்தாள்.

"சின்னவளே!"

நின்றாள். திரும்பவில்லை.

"நான் கேக்கவே இல்லடி. ஊரார் காதை நம்பி உன்னைத் துரத்திட்டேன். என்னை நாலு அடி அடிச்சுடு."

"அடிச்சா போனது வந்துடுமாக்கா?"

மகள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அக்கா பின்னிருக்கையில் ஏறிக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வெயிலில் அப்படியே நின்றாள். பின்னால் வந்த வண்டி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.

"தள்ளி உக்காருக்கா" என்றாள்.