ஸ்பானிஷில் இல்லாத ‘நம்ம’

கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே எனக்கு ஸ்பானிஷ் மொழிமீது ஒரு கோபம் வந்துவிட்டது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு வினைச்சொல்லையும் ஆளுக்கு ஒரு விதமாகத் திரிக்கச் சொன்னார்கள். இவ்வளவு கெடுபிடி பண்ணுகிற மொழியில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருந்தது: நொசோத்ரோஸ். பெண்கள் மட்டும் என்றால் நொசோத்ராஸ். ஆண் பெண் பார்க்கத் தெரிந்த சொல்லுக்கு, எதிரில் நிற்கிறவரைச் சேர்ப்பதா விடுவதா என்று மட்டும் தெரியவில்லை.

கையைத் தூக்கி அதைக் கேட்டேன். ஆசிரியை ஸ்பெயின்காரர். என் கேள்வி அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “இரண்டுக்கும் அதுதான். பேசும்போது தானாகப் புரியும்” என்றார். டெல்லிப் பிள்ளைகள், இதில் என்ன சந்தேகம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய இந்தியிலும் ஒரே சொல்தான். அன்று நான் பிடிவாதமாக இன்னொரு முறையும் கேட்டதற்குக் காரணம் என் அப்பா.

எங்கள் ஊர் ஆலங்குடி தாலுகாவில், கீரமங்கலத்துக்குப் பக்கம். அப்பா கரண்டு ஆபீஸில் லைன்மேன்; வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு. நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்து, அவர் வேலை பார்க்கிற ஆபீஸிலேயே அதிகாரியாக வந்து உட்கார வேண்டும் என்பது அவர் கனவு. நானோ ப்ளஸ் டூ முழுக்க மொபைலில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானிஷ் வர்ணனைக்காரர்கள் மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஆட்டத்தைவிட அந்தப் பேச்சின் மேல்தான் பைத்தியம் பிடித்தது. வீட்டில் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதினேன். டெல்லியில் இடம் கிடைத்த பிறகுதான் சொன்னேன்.

“அதப் படிச்சுட்டு ஆலங்குடியில யாருகிட்டம்மா பேசுவ?” என்றார் அப்பா. இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நாங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டோம். இனிமே ஒங்க இஷ்டம்” என்றார்.

அன்றிலிருந்து வீடு ‘எங்க வீடு’ ஆகிவிட்டது. போனில் “நாங்க நல்லாத்தான் இருக்கோம்” என்பார். “எங்க தோப்புல காய் வெட்டுனாங்க” என்பார். வழி கேட்டு வந்த யாரோ ஒருவரைக்கூட “நம்ம வீட்டுல தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்று கூப்பிடுகிற மனுஷர் அவர். ஊரில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிடைக்கிற ‘நம்ம’ பெற்ற மகளுக்குக் கிடைக்கவில்லை. அம்மா போனைப் பிடுங்கி, “அவரு கெடக்குறாரு, நீ சாப்டியா?” என்பாள். அம்மாவுக்கு இந்த வித்தியாசம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் வலித்தது.

இதையெல்லாம் மீறி அந்த மூன்று வருஷமும் எனக்குப் பிடித்திருந்தன. இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. குளிர்காலத்தில் வகுப்பு முடிந்ததும் புல்வெளியில் வெயில் பட உட்கார்ந்து வறுத்த கடலை தின்போம். கடலைக்கு ஸ்பானிஷில் ‘மனி’ என்று, எங்கள் பக்கத்து ஆள் பெயர் மாதிரியே ஒரு பெயரும் உண்டு என்று தெரிந்த அன்று, கடலைக் காட்டில் வளர்ந்த எனக்கு ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி ஒரு சந்தோஷம். என் அறைத்தோழி பாட்னாக்காரி. நாங்கள் இருவரும் ஹாஸ்டலில் தப்புத் தப்பான ஸ்பானிஷில் சண்டை போடுவோம். கோபத்தில் வினைத்திரிபு மறந்துபோய்ச் சிரித்துவிடுவோம். பண்பாட்டு வகுப்பில் சியெஸ்தா என்ற மதியத் தூக்கத்தைப் பற்றி ஒரு பாடமே நடந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் செய்வதும் பண்பாடுதான் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, பாவம்.

மூன்றாம் வருஷம் ஊரில் புயல் அடித்தது. எங்கள் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்து கிடப்பதை டிவியில் காட்டினார்கள். வீட்டுக்கு எத்தனை முறை போட்டும் போன் போகவில்லை. டவர் இல்லை, கரண்டு இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்து கவிதைக்குப் பொருள் எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் வகுப்பு நடக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஆசிரியை தலையசைத்ததும் வராந்தாவுக்கு ஓடினேன். அப்பாதான். அறந்தாங்கிப் பக்கம் போஸ்ட் நடுகிற வேலையில் இருந்தவர், அங்கே ஒருவரிடம் போன் வாங்கிப் பேசினார்.

“அம்மா நல்லாருக்கா. நானும் நல்லாருக்கேன்” என்றார். பிறகு, “நம்ம மரம் அம்புட்டும் படுத்துருச்சு ஆத்தா” என்றார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த மரங்களுக்காக நியாயமாக நான் அழ வேண்டும். அழுதேன்தான். ஆனால் காதுக்குள் அந்த முதல் சொல் மட்டுமே நின்றது.

“நம்ம வீட்டுக்கு இன்னும் கரண்டு வரல. ஊருக்கெல்லாம் குடுத்துட்டு நம்மளுக்குக் கடைசியாத்தான் இழுக்கணும். நீ லீவுக்கு வாரப்ப லைட் எரியும்” என்றார். அதற்குள் போன்காரர் அவசரப்படுத்தியிருக்க வேண்டும். “வைக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

ஆசிரியை வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் நலம் என்றும், எங்கள் தென்னைகள் சாய்ந்துவிட்டன என்றும் ஸ்பானிஷில் சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ‘எங்க’, ‘நம்ம’ இரண்டுக்குமாக இருக்கிற ‘நுவெஸ்த்ரோஸ்’ என்ற சொல்லுக்கு வந்தபோது, அப்பா சொன்னது எதுவுமே அதில் இல்லை என்று தெரிந்தது. ஆசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினார்.