கனடா இஞ்சினும் இரண்டு முழம் தூண்டில் நரம்பும்

எங்கள் அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். தாத்தா கரி அள்ளிப் போட்ட அதே ரயில்வேயில் அப்பா டீசல் இஞ்சின் ஓட்டுநரானார். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். மறுமணம் பேச வந்த உறவினர்களுக்குத் தேநீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார் அப்பா. கிமாஸ், பட்டர்வொர்த் என்று எந்த வண்டிக்குப் போனாலும் சோறு வடித்து, எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் கிளம்புவார். என் இரண்டு சடைகளும் ஒருநாளும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு கிள்ளான் பக்கம் மேருவில் வீடு வாங்கினார். அங்கே ரயில் சத்தம் கேட்காது. அவர் வாய்விட்டுச் சொன்ன குறை அது ஒன்றுதான்.

தம்பி கனடாவுக்கு வேலைக்குப் போன மறுவருடம், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு சாண் நீளத்தில் கனடா டீசல் இஞ்சின் மாடல். சிவப்பு மூக்கு, கறுப்பு உடம்பு, ஏறும் படி, கைப்பிடிக் கம்பி எல்லாம் அச்சு அசல். கூடவே தண்டவாளமும் மின்சாரப் பெட்டியும். அப்பா இஞ்சினைக் கண்ணுக்கு நேரே தூக்கி, உள்ளே யாருக்கு டூட்டி என்று பார்ப்பதுபோல் ஜன்னலுக்குள் பார்த்தார். கிள்ளானில் அடாப்டர் வாங்கி வந்து சுவரில் மாட்டினார். அந்த ஊர் மின்சாரம் நம்முடையதில் பாதிதான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பெட்டி ஒருமுறை உறுமியது, புகைந்தது. இஞ்சினுக்குள் இருந்த மோட்டாரும் கருகிப்போனது.

"முப்பது வருஷம் இஞ்சின் ஓட்டுனவன், ஒரு பிளக் மாட்டத் தெரியல. தம்பிகிட்ட சொல்லிடாதம்மா, சிரிப்பான்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "சிரிச்சாக்கூடப் பரவால்ல. வேற வாங்கி அனுப்புவான். இப்பத்தான் தலையெடுக்கிறான்" என்றார்.

இஞ்சினைத் திறந்தார். சக்கரம் லேசாக உருளட்டும் என்று கருகிய மோட்டாரையும் பல்சக்கரங்களையும் கழற்றினார். முன்கொக்கியில் தூண்டில் நரம்பைக் கட்டினார். ஞாயிறுதோறும் தம்பி வீடியோவில் வரும்போது கைப்பேசி தண்ணீர் ஜக்கில் சாய்ந்திருக்கும். மேசையின் மறுகோடியில், படத்தில் விழாமல் குனிந்து, நான் நரம்பை இழுப்பேன். அப்பா வாயாலேயே நீளமாக ஹாரன் அடிப்பார். "பாருடா, எப்படி ஓடுது!" அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. இழுக்க இழுக்க என் கை பழகியது. பொய்யும் பழகியது.

பிறகு, தம்பிக்குக் குழந்தை பிறந்த சமயத்தில், அப்பாவின் நுரையீரலில் நோய் வந்தது. "இதையும் சொல்லாதே. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எப்படிலா வருவான்?" என்றார். ஒரு ஞாயிறு ஹாரன் பாதியில் நின்றது.

"என்னப்பா, ஹாரன் குட்டையாப் போச்சு?"

"எதுத்தாப்ல யாரும் நிக்கலடா. எதுக்குச் சத்தம்?"

தம்பி சிரித்தான். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நரம்பைத்தான் இழுத்தேன்.

எட்டு மாதம் இப்படியே போனது. தம்பி வந்து சேர்ந்தபோது அப்பா சவப்பெட்டிக்குள் இருந்தார்.

அஸ்தி கரைத்துவிட்டு வந்த மாலை, "அக்கா, அப்பா ட்ரெயின எடு. ஒரு தடவ ஓடவிட்டுப் பாக்கலாம்" என்றான். நான் இஞ்சினைத் திருப்பி, காலியான வயிற்றைக் காட்டினேன்.

"அப்ப இத்தன நாளா யாரு ஓட்டுனது?"

"நான்தான். நரம்பு கட்டி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பாவுக்கு முடியலன்னு உனக்குத் தெரியும்."

"எட்டு மாசமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, அக்கா. ஒரே ஒரு வார்த்தை."

எழுந்து வெளியே போனான். வேலியோரம் வெகுநேரம் நின்றான். பிறகு என் கைப்பேசி அடித்தது. திரையில் தம்பியின் முகம். "ஓட்டு" என்றான். கைப்பேசியை அதே ஜக்கில் சாய்த்து வைத்து, மறுகோடிக்குப் போய் இழுத்தேன். இஞ்சின் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"எதுத்தாப்ல நான் நிக்கிறேன்க்கா. ஹாரன் அடி."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எட்டு மாதமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும், தள்ளாத வயதிலும் பெட்டிக்குத் தோள்கொடுத்த அப்பாவின் ரயில்வே நண்பர்களுக்கும், இந்த முதலாண்டுத் திதிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தம்பி, நன்றி சொல்லிவிட்டேன். மன்னிப்பை உன்னிடம் தனியாகக் கேட்டால் நீ "விடுக்கா" என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். உன் அப்பாவின் கடைசி எட்டு மாதத்தை உனக்குத் தராமல் நானே வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார் என்பது காரணமாகாது.

இன்று படையலில் அவருக்குப் பிடித்த பலகாரங்களோடு அந்த இஞ்சினும் இருக்கும். நரம்பின் நுனியை நீ உட்காரும் பக்கம் வைத்திருக்கிறேன். நீ இழு. ஹாரனை நான் அடிக்கிறேன்.