மழை லீவில் பெந்தோட்டை

கடற்கரை ஹோட்டலில் தங்கி வந்தவன் எங்கள் சொந்தத்தில் ஒருத்தன்தான். என் சகலை. மனைவியின் அக்காள் புருஷன். எங்கள் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டினான். துரை குடும்பத்தோடு அடிக்கடி பெந்தோட்டைக்குப் போவார். காரோடு இவனும் போவான். அக்காளைக் கூட்டிப் போனது கிடையாது. காரில் இடம் இல்லை என்பான்.

நான் பால் வெட்டுகிறவன். கலவானைப் பக்கம் ரப்பர் தோட்டம். கடல் எங்கே என்று கேட்டால் மத்துகம பஸ் போகிற பக்கம் கையைக் காட்டுவேன்.

திரும்பி வந்த சாயங்காலம் சகலை லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் வந்து உட்காருவான். ஹோட்டல் பார், நீளக் கிளாஸில் பியர், பொரித்த இறால், ஜன்னலைத் திறந்தால் அலை. என் மனைவி அடுப்பை மறந்து கேட்பாள். நான் சொல்வதை அவள் அப்படிக் கேட்டதில்லை. என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? மரம், பால் பிடிக்கிற செரட்டை, பால், மழை.

ஒருநாள் நானும் ஒன்று சொன்னேன். சின்ன வயதில் களுத்துறைப் பாலத்தில் பஸ் போகும்போது தூரத்தில் கடலைப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

சகலை தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான்: "பஸ்ஸுல இருந்து பாக்கறது கடல் இல்ல சகல. ரூம்ல படுத்துக்கிட்டுப் பாக்கணும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். கெட்ட மனசில் சிரிக்கவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இவளைக் கூட்டிக்கொண்டு பெந்தோட்டைக்குப் போவது. கடல் தெரிகிற ரூமில் இரண்டு நாள் தங்குவது. பாரில் உட்கார்ந்து ஒரு பியர் குடிப்பது. அதில் சகலைக்கு ஒரு பங்கும் இருக்கக்கூடாது.

அது சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம். பஸ்ஸை நிறுத்தி ஐடென்டி கார்டு பார்ப்பது குறைந்திருந்தது. அதற்கு முன்னால், சும்மா கடல் பார்க்கப் போகிறேன் என்று ஒரு தமிழ் ஆள் சொன்னால் எந்தச் செக்பாயிண்டிலும் நம்பமாட்டார்கள். கன்றுக்குட்டி விற்ற காசும் கையில் இருந்தது. எப்போது போவது என்பதுதான் கேள்வி.

வெட்டு நாளில் போனால் பேர் விழாது, சம்பளம் போய்விடும். மழைக்காலத்தில் அந்தக் கவலை இல்லை. பட்டை நனைந்தால் கத்தி வைக்க முடியாது. விடிய எழும்பி வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வோம். பெண் பார்க்கப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது எல்லாம் எங்களுக்கு மழை லீவில்தான். கடலுக்கும் அப்போதே போகலாம் என்று நினைத்தேன். கடலிலும் மழை பெய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சகலையைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான். அவனை மாமா என்று கூப்பிடும் என் மனைவியும் சொன்னாள்: "மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

"எனக்கும் வாய் இருக்கு. அங்க போய்க் கேட்டுக்கறேன்" என்றேன்.

வைகாசியில் மழை பிடித்தது. நாலைந்து நாள் விடவில்லை. கிளம்பினோம். நல்ல சேலையைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மத்துகமவில் பஸ் மாறி, அளுத்கமவில் இறங்கி, பாலத்தை நடந்தே கடந்தோம். கடல் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்தது. எங்கள் ஊர் ஆறு பெருகி வந்தால் என்ன நிறமோ அந்த நிறம். கரையில் ஒரு சிவப்புக் கொடி நனைந்து தொங்கியது. ஆள் இல்லை.

முதல் ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. அடுத்ததில் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். பிறகு அவளே முன்னால் நடந்து போய் ஒரு கேட்டில் நின்றாள். ஹோட்டல் பெயரை அக்காளிடம் கேட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அங்கேதான் தெரிந்தது.

வாச்சர் வந்தான். சீசன் முடிந்தது, வெள்ளைக்காரர்கள் இனி வருஷக் கடைசியில்தான் வருவார்கள், இந்த மழையில் யார் கடலுக்கு வருவார்கள் என்று சிங்களத்தில் கேட்டான். திரும்பலாம் என்று நான் பையைத் தூக்கினேன். என் மனைவிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். கலவானைத் துரையின் டிரைவர் எங்கள் மாமா என்று சொல்லிவிட்டாள்.

அவன் முகமே மாறிப்போனது. கேட்டைத் திறந்தான். டிரைவர் வந்தால் குசினியில் சமையல்காரர்களோடு ஒரே பாட்டுத்தானாம். தண்ணி மோட்டார் நின்றபோது மெக்கானிக் பாஸ் கைவிட்டதை இவன் ஓட வைத்தானாம். அப்படி ஒரு மனுஷன் இல்லையாம். நான் மழையில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அவள் உதடு குளிரில் நடுங்கியது. அதனால் உள்ளே போனேன்.

வாச்சர் சாவிக்கொத்தை எடுத்தான். டிரைவர்மார் தங்குகிற அறை பின்னால் ஜெனரேட்டர் பக்கம், அங்கே பெயிண்ட் அடிக்கிறார்கள், நாற்றம், கடல் பக்கத்து முன்ரூமில் தங்குங்கள் என்றான். துரை தங்குகிற ரூமாம்.

சகலை படுத்தது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் காதில் விழுந்திருக்கும். அவள் ஜன்னலைத் திறந்து சாரல் முகத்தில் அடிக்க நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலை அடைக்கச் சொன்னால் கேட்கவில்லை.

பாரில் ஸ்டூல்களை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். வாச்சர் ஒன்றை இறக்கிப் போட்டு, நீளக் கிளாஸில் பியர் ஊற்றித் தந்தான். டிரைவர் தம்பிக்கு என்றான். எனக்கு ஒரு பெயர் இருப்பதை அவன் கேட்கவே இல்லை. பியர் குளிராக இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். இறால் இல்லை, கருவாடு பொரித்துத் தந்தான். அவள் ருசித்துச் சாப்பிட்டாள். இரண்டு நாளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்திருக்கவேண்டும். இல்லை.

வந்ததும் டிரைவர் ரூமைத் தவிர அக்காளிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சாயங்காலம் சகலை வந்தான்.

"மழையில கடலுக்குப் போன ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான் சகல. மீனே கரையேறியிருக்குமே."

லயமே சிரித்தது. அவன் படுக்கிற ரூமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். வாய்வரை வந்தது. அக்காள் பக்கத்தில் நின்றாள். விட்டுவிட்டேன்.

அக்காள் அன்றைக்குப் பிடித்த பிடியை விடவில்லை. தங்கச்சி பார்த்த கடலைத் தானும் பார்க்கவேண்டும் என்றாள். தைப்பொங்கல் கழிந்து, வெயில் காலத்தில், நாலு பேரும் போவதென்று சகலை திட்டம் போட்டான். எந்த பஸ், எந்த பார், எத்தனை மணிக்கு அலை அடங்கும், எல்லாம் அவனே சொன்னான். நான் வரவில்லை என்றேன்.

"அப்ப நான் போகட்டா?" என்று என் மனைவி கேட்டாள்.

"போ."

மூன்று பேரும் போனார்கள். நான் வெட்டுக்குப் போனேன். பொழுதுக்கும் மலையில் அந்த ரூமையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஜன்னலில் அவன் நிற்பதுபோலவே இருந்தது.

திரும்பி வந்தவள் கடல் நீலமாக இருந்தது என்றாள். வெள்ளைக்காரர்கள், பாட்டு, பார் நிறைய ஆட்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே எந்த ரூம் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"சீசன்ல முன்னுக்கு எங்க குடுப்பாங்க. பின்னாலதான். ராத்திரி பூரா ஜெனரேட்டர் மிசின் சத்தம், அக்கா தூங்கவே இல்ல."

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.