வேட்டை விளையாட்டுக்கு எங்கள் மலை

என் வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லை. ஆனாலும் போன வருஷம் முழுக்க எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் வேட்டைதான் நடந்தது. கம்ப்யூட்டர் திரைக்குள், பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துக் காட்டில், மான் தேடி அலைந்துகொண்டிருந்தார். மான் எதிரே வந்து நின்றாலும் சுடமாட்டார். "சுட்டா மத்ததெல்லாம் ஓடிப்பூடும்" என்பார். அந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் கால்கள் நடக்கும். அவருக்கு அது போதும்.

சாமையும் புளியும் விளைவித்த மனிதர் அவர். ஜவ்வாது மலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் எங்கள் ஊர். புளி உலுக்கப் போனவர் கிளை முறிந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. வேலூரில் பெரிய டாக்டர், "இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராதும்மா" என்று என்னிடம் சொன்னார். அதை அவரிடம் சொல்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வது? ஒடுகத்தூரில் வீடு பார்த்தோம். நானும் மலைக்காரிதான். ஆனால் ஹாஸ்டலில் தங்கி டிகிரி வரை படித்தவள் என்பதால் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது.

என் தம்பிதான் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். "சொவுத்தயே பாத்துக்கினு இருக்காதீங்க மாமா" என்றான். நல்லது செய்தான் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது, திரையில் இங்கிலீஷில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். "இது இன்னா எழுதிக்கீது, படி" என்றார். விளையாட்டுக் கம்பெனியின் பக்கம் அது. விளையாடுகிறவர்கள் புதுக் காடு ஏதாவது வேண்டுமென்றால் எழுதிக் கேட்கலாமாம். எந்த நாடு, நிலம் எப்படி, என்னென்ன மிருகம் என்று விவரம் கொடுத்தால் மற்றவர்கள் பார்த்து ஓட்டுப் போடுவார்களாம். நிறைய ஓட்டு விழுந்தால் கம்பெனி யோசிக்குமாம். எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன்.

"நம்ம மலைய கேக்கலாமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அம்சம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று வாய்வரை வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து அவர் இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் பேசாமல் இருப்பார். அந்த மனிதர் இப்போது மலையைக் கேட்கிறார். வாயை மூடிக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

"பஸ்ஸ வுட்டு எறங்கனா சோத்தாங்கைப் பக்கம் பாத. மொதல்ல பாறை. மழை பேஞ்சா வழுக்கும், அதயும் எழுது. அப்பால ஓடை."

"மிருகம் சொல்லுங்க. அவங்க வேட்டைக்குக் கேக்கறாங்க. நம்ம வூட்டுக்கு வழி கேக்கல."

மிருகமும் வந்தது, வழியோரமாகத்தான் வந்தது. பலாப்பழ வாசனைக்கு வரும் கரடி, சாமைக் கொல்லையில் விழும் பன்றி, அதைத் தகரம் தட்டி விரட்டப் பரணில் அவர் உட்காரும் இடம். கோயில் தோப்புக்குள் செருப்போடு நுழையக் கூடாது, அங்கே துப்பாக்கியும் வெடிக்கக் கூடாது என்று எழுதச் சொன்னார். "வெளாட்டுல ஏதுங்க செருப்பு?" என்று கேட்டதற்கு, "நீ எழுது" என்றார். என் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷ். ஓடைக்கு வார்த்தை தெரிந்தது, குத்தேற்றத்துக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கக் கடையில் நின்ற கால் விண்விண்ணென்று தெறிக்கும். கால் வலிக்கிறது என்று எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எரிச்சலை விழுங்கிக்கொண்டு அடித்தேன்.

தம்பி மலைக்குப் போய் போனில் படம் பிடித்துவந்தான். சேர்த்துப் போட்டோம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் முதல் பதில் எழுதினார். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊர் ஆறு மைல் என்கிறீர்கள், ஊரிலிருந்து பஸ் நிறுத்தம் மூன்று மைல் என்கிறீர்கள், இந்த மேப்பை நடுவில் கிழித்துத்தான் ஒட்ட வேண்டும் என்று கேலி. அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஊரில் தூரத்தை அப்படித்தான் சொல்வோம், ஏற்றத்துக்கு ஒரு கணக்கு, இறக்கத்துக்கு ஒரு கணக்கு. டிகிரி படித்த நானும் கை கூசாமல் அப்படியே அடித்திருக்கிறேன். "அவன வந்து ஏறிப் பாக்கச் சொல்லு" என்று இவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. ஒரு சொட்டு நம்பிக்கை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்து வந்தவர்கள் எல்லாரும் புலி கேட்டார்கள். இந்தியா என்றால் புலி வேண்டாமா? புலி வைத்தால் ஓட்டுப் போடுகிறோம் என்றார்கள். "வெச்சிட்டுப் போலாங்க, வெளாட்டுதான" என்றேன் நான். "இல்லாத புலிய வெச்சா அது நம்ம மலையே இல்ல. வேற எவன் மலையோ" என்றார். பிடிவாதத்தில் அவருக்கு ஈடே கிடையாது. புலி இல்லை என்று எழுதினேன். அதற்கப்புறம் ஓட்டு ஏறவேயில்லை. தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "எதனா வந்துதா பாரு" என்பார். ஒன்றும் வந்திருக்காது. அதைச் சொல்கிற வேலையும் என்னுடையதுதான்.

கடைசியில் கம்பெனியிலிருந்தே பதில் வந்தது. மரியாதையான பதில். அக்கறையோடு எழுதியதற்கு நன்றி, ஆனால் சட்டப்படி வேட்டை தடைசெய்யப்பட்ட நாடுகளின் காடுகளை நாங்கள் எடுப்பதில்லை, இந்த யோசனையை இத்துடன் முடித்துக்கொள்கிறோம். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவுமில்லை. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

படித்துச் சொன்னேன். தம்பி பிடித்துவந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பிறகு, "சுடவே வேணாம்னு எழுது. சும்மா நடக்கறதுக்கு மட்டும் குடுக்கச் சொல்லு" என்றார்.

எழுதத்தான் போனேன். பக்கத்தைப் பூட்டிவிட்டிருந்தார்கள். படிக்கலாம், பதில் எழுத முடியாது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அவங்க என்னாங்க குடுக்கறது? நேராவே போலாம். பஸ் நிக்கற எடம் வரைக்கும் ஆட்டோ வெச்சிக்கலாம். அங்கேர்ந்து நம்ம ஆளுங்க நாலு பேர கூப்டா டோலி கட்டித் தூக்கிட்டுப் போவாங்க."

நீளக் கொம்பில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, ஆளைப் படுக்கவைத்துத் தோளில் சுமப்பதுதான் டோலி. ரோடு இல்லாத எங்கள் ஊருக்கு அதுதான் ஆம்புலன்ஸ்.

"டோலில உசுரோட எறக்குவாங்க" என்றார். "மேல ஏத்தறது ஆஸ்பத்திரிலேர்ந்து வர்ற பொணத்த. உசுரோட ஒருத்தன ஏத்தி நீ எப்பவாச்சும் பாத்துக்கீறியா?"

யோசித்தேன். காய்ச்சல்காரர்கள், பாம்பு கடித்தவர்கள், வலி எடுத்த பெண்கள் என்று டோலியில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பிழைத்தவர்கள் திரும்பும்போது நடந்துதான் ஏறினார்கள். பிள்ளை பெற்றவள்கூடக் கைக்குழந்தையோடு உட்கார்ந்து உட்கார்ந்து நடந்துதான் ஏறினாள்.

"அதுக்கு இன்னும் நாள் கீது. நீ அவசரப்படாத" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்படியெல்லாம் இல்லை, உயிரோடும் ஏற்றலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானும் அந்த ஊர்க்காரிதானே, சொல்ல முடியவில்லை.